வெயிலில் நின்ற டயர்

டயர் அக்கா தப்பாகக் காற்று வைத்ததால்தான் அந்த வண்டி சுவரில் போய் மோதியது என்று இன்றைக்கும் ஈப்போவில் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லகாட் சடக்கில் சாலையோரமாக இருக்கும் பசியாறும் கடைக்குப் போய் உட்காருங்கள். வார இறுதியில் பந்தயம் ஓட்டுகிற நாலு பேர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அக்காவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனாலும் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது பொய். பொய் என்று அன்றைக்கே தெரிந்தவர்கள் இந்த ஊரில் மூன்று பேர். அவர்களில் ஒருவன் நான்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கண்டவர் வாயிலும் அது புரண்டது போதும்.

லகாட்டில் ஈயம் தோண்டிய பழைய லம்பத்தின் குட்டைக்கு எதிரே இரண்டு வண்டி நிற்கும் அளவுக்கு ஒரு டயர் கடை. திங்கள் முதல் வெள்ளி வரை அக்கா அங்கே லாரிக்கும் குடும்ப வண்டிக்கும் டயர் மாற்றுவார். குள்ளமான உருவம், முறுக்கிய முன்கை, காதில் செருகிய மஞ்சள் மெழுகுக்குச்சி. சனி ஞாயிறுகளில் எங்களைப் போன்ற அரைகுறைப் பந்தயக்காரர்களுக்கு ஸ்லிக் டயர் தேர்ந்து கொடுத்து, தடத்துக்கும் கூடவே வருவார். ஸ்லிக் என்றால் கோடோ பள்ளமோ இல்லாத வழுவழு டயர். காய்ந்த தடத்தில் சூடேறிவிட்டால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் சோப்புக்கட்டி.

புது ஸ்லிக் வாங்கும் வசதி எங்கள் யாருக்கும் கிடையாது. நான் வாரத்தில் ஆறு நாள் ஏர்கோன் பழுது பார்ப்பவன். பெரிய குழுக்கள் ஓட்டிக் கழித்ததைத்தான் நாங்கள் வாங்குவோம். லாரியில் இருபது முப்பது டயர் வந்து இறங்கும். எல்லாம் கறுப்பு, எல்லாம் வட்டம், எங்களுக்கு ஒன்றும் புரியாது. அக்கா ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைப் படித்து எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்பார். ரப்பரின் மேலே இருக்கும் ஊசிமுனைக் குழிகள் எவ்வளவு ஆழம் மிச்சம் என்று பார்ப்பார். நகத்தை அழுத்தி எடுப்பார். தடம் உடனே மறைந்தால் ஒரு பக்கம், மறையாவிட்டால் மறுபக்கம். மேலே நீலம் பாரித்திருந்தால் அதைத் தொடக்கூட மாட்டார்.

"இது வெந்து போச்சு. பாக்க அழகா இருக்கும். மூணாவது வளைவுல கைய விட்டுரும்."

எல்லாருக்கும் மென்மையான ரப்பர்தான் வேண்டும். முதல் சுற்றில் அதற்கு இணை கிடையாது. அக்கா தர மாட்டார்.

"சாஃப்ட் மூணு சுத்துக்கு ராஜா. நாலாவது சுத்துல பிச்சைக்காரன். ஒனக்கு எத்தன சுத்து?"

"பத்து சுத்துக்கா."

"அப்போ மீடியம். போ."

இதில் கெஞ்சல் மிஞ்சல் எதுவும் செல்லாது. அக்காவிடம் ஒரே ஒரு குணம் இருந்தது. அதை வைத்துத்தான் அவரைப் பிடித்தவர்களுக்குப் பிடித்தது, பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காமல் போனது. உண்மையைக் கண்ட இடத்திலேயே, அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். நாள் பார்ப்பது, ஆள் பார்ப்பது எதுவும் கிடையாது.

பயிற்சிச் சுற்று முடிந்து வண்டி வந்து நின்றால், நான் இருக்கை வாரைக்கூட அவிழ்த்திருக்க மாட்டேன். ஒரு கையில் டயருக்குள் குத்திச் சூடு பார்க்கும் ஊசியோடு ஜன்னலுக்குள் தலையை நீட்டிவிடுவார்.

"ஹெல்மெட்ட கழட்டாத. மொதல்ல சொல்லு. எந்த வளைவுல நழுவுச்சு?"

"அக்கா, தண்ணி குடிச்சிட்டு..."

"தண்ணி குடிச்சா யோசிப்ப. யோசிச்சா கத சொல்லுவ. இப்பவே சொல்லு."

நான் சொல்வேன். அதற்குள் அவர் டயரின் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் ஊசியைக் குத்தி எண்ணைப் பார்த்திருப்பார். நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் கொதித்தால் காற்று குறைவு. நான் சொன்னதும் எண் சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் முகத்துக்கு நேரே, "நீ பொய் சொல்ற, டயர் அப்படிச் சொல்லல" என்பார். எத்தனை பேர் சுற்றி நின்றாலும் சரி. ஒருமுறை மூன்றாவது வளைவில் வண்டி நழுவியது என்று சொன்னேன். உண்மையில் நான் பயந்து பிரேக்கை மிதித்திருந்தேன். முன் டயரில் அது தெரிந்துவிட்டது. "பயந்தா பயந்தேன்னு சொல்லு தம்பி. பயத்துக்கு நான் காத்து கொறைக்க முடியாது" என்றார். பக்கத்துக் கூடாரத்தில் அன்று முழுக்க அதுதான் சிரிப்பு.

மாதா கோயிலிலும் இதே கதைதான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது பாதிரியாரைப் பிடித்துக்கொண்டார். "ஃபாதர், இன்னிக்குப் பிரசங்கம் நல்லா இருந்துச்சு. ஒங்க காடியோட பின் டயரு நல்லா இல்ல. மொட்ட. நாளைக்கே வாங்க, இல்லன்னா எங்களுக்கு முன்னாடியே மோட்சத்துக்குப் போயிருவீங்க." பாதிரியார் சிரித்துவிட்டார். ஆலயக்குழுவில் இரண்டு பேர் அக்காவோடு ஒரு மாதம் பேசவில்லை.

இன்னொரு தடவை ஈப்போவில் பெரிய புள்ளி ஒருவர், பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும், சாலையில் ஓட்டும் தன் வண்டிக்கு ஸ்லிக் போடச் சொல்லி வந்து நின்றார். பார்க்க எடுப்பாக இருக்குமாம். நாலு மணி ஆனால் மழை கொட்டுகிற ஊர் இது! "ஒங்க வீட்டுக்காரம்மாவ கூப்பிட்டுட்டு வாங்க. மழையில வழுக்கிட்டுப் போனா என்ன செய்யிறதுன்னு அவங்க சொல்லட்டும், மாட்டித் தாரேன்" என்றார் அக்கா. அந்த மனிதர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவருடைய கம்பெனி லாரிகளும் திரும்பவில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஒரு பத்திரிகைக்காரர் வந்தது நினைவிருக்கிறது. கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர் பெற்ற பிள்ளை இன்று பந்தய டயரின் ராணி, அப்படி எழுத வேண்டுமாம். "எங்கப்பா பால் வெட்டல. தோட்டத்துல லோரி ஓட்டுனாரு. தெரியாதத போடாதீங்க" என்றார் அக்கா. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் போய், அப்படியே பால் வெட்டியவர் என்று போட்டுவிட்டார். அக்கா தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தியதைக் குட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. ஒரு சின்னப் பொய்க்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

நான் ஓட்டிய வண்டி என்னுடையது இல்லை. கட்டுமானக் குத்தகை எடுக்கும் ஒருவருடையது. நாங்கள் அவரைப் பாஸ் என்போம். வண்டி அவருடையது என்பதால் அவர் சொல்வதுதான் சட்டம். அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம், தெற்கே இரண்டரை மணி நேரம் போக வேண்டிய பெரிய தடம். எங்கள் குழு புள்ளிப் பட்டியலில் மூன்றாவது. அக்கா தேடி எடுத்த நாலு மீடியம் ஸ்லிக். விடியற்காலையில் கூடாரத்தின் நிழலில், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று வைத்தார். இடது பக்கம் இருபத்திரண்டு, வலது பக்கம் இருபத்துநான்கு. ஒவ்வொரு டயரிலும் மஞ்சள் மெழுகில் எண்ணை எழுதினார். அந்தத் தடத்தில் பெரும்பாலும் வலப்பக்க வளைவுகள். பாரம் எல்லாம் இடது டயர்மேல் விழும், அதுதான் அதிகம் சூடேறும், சூடேறினால் காற்று விரியும். அதனால் இடதில் குறைத்து வைத்தால், ஓடும்போது இரண்டு பக்கமும் சமமாகிவிடும். இது எனக்கும் தெரியும், பாஸுக்கும் தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

டயர் மாற்றினால் பாஸ் வீட்டார் பூசை போடுவது வழக்கம். அன்றும் அவர் மனைவி தட்டோடு வந்தார். அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "எலுமிச்சம்பழம் வைங்கக்கா, டயரு ஏறி எறங்கட்டும். நான் தொடச்சிக்கிறேன்" என்றுதான் சொன்னார். ஆனால் வண்டி கிழக்கே பார்க்க வேண்டும் என்றார்கள். கூடாரத்துக்குள் அது வடக்கே பார்த்து நின்றது. வெளியே தள்ளித் திருப்பியபோது வலது பாதி கூடாரத் துணியின் கீழே நின்றது. இடது பாதி முழு வெயிலில். மணி பத்தரை இருக்கும், தார் கொதித்தது. அக்கா ஓடிப்போய் இரண்டு சாக்கை நனைத்து வந்து இடது டயர்கள்மேல் போட்டார்.

"பத்து நிமிசம். சாக்க எடுக்காதீங்க. வெயில் பட்ட டயருல காத்த பாக்காதீங்க, தப்பாத்தான் காட்டும். நான் போயி பரிசோதனைச் சீட்டு வாங்கிட்டு வாரேன்."

அக்கா போனார். வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். பத்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆயிற்று.

சாக்கை எடுத்தது பாஸின் மனைவி. "பொணத்த மூடுன மாரி இருக்கு, படம் எடுக்கிறப்ப நல்லா இருக்காது" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு டயர் தெரியாது. கற்பூரம் காட்டி, பூசணி உடைத்து, படமெல்லாம் எடுத்துவிட்டு அவர் நிழலுக்குப் போய்விட்டார். பாஸ் சும்மா இருக்க மாட்டாமல் காற்றுமானியை எடுத்து இடது டயரில் வைத்தார். இருபத்தைந்து.

"பாத்தியாலா? எழுதியிருக்கிறது இருபத்திரெண்டு. உள்ள இருபத்தஞ்சு. இதுக்குத்தான் பெரிய ஆளுன்னு கூட்டிட்டு வாரோம். எறக்கு."

வெயில் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். பாஸின் முகத்தைப் பார்த்தேன். மண்டியிட்டேன். இடது முன், இடது பின், இரண்டிலும் இருபத்திரண்டு வரும் வரை காற்றை இறக்கினேன். இந்தக் கையால்தான். அக்கா திரும்பி வந்தபோது வண்டி பந்தயம் தொடங்கும் வரிசைக்குப் போய்விட்டது.

இரண்டாவது சுற்றில் நீளமான வலப்பக்க வளைவு. இடது முன் டயர் மடிந்து உள்ளே போவது கைக்குத் தெரிந்தது. வண்டி திரும்பவில்லை. பக்கத்தில் வந்த வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தேன். எனக்கு ஒரு கீறல் இல்லை. அந்த வண்டியை ஓட்டியவருக்குக் கை முறிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எங்கள் கூடாரத்தில் பந்தயச் சங்கத்தின் செயற்குழு கூடியது. ஐந்து பேர். டயர் வைத்தது யார் என்று கேட்டார்கள். பாஸ் கையை நீட்டினார்.

அக்கா வாதாடினார். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற ஆளா அவர்? உடையாமல் இருந்த இடது பின் டயர் அதற்குள் நிழலில் ஆறியிருந்தது. எல்லார் கண்முன்னாலும் மானியை வைத்தார். பத்தொன்பது.

"நான் வச்சது இருபத்திரெண்டு. இது பத்தொம்போது. மூணு எங்க போச்சு? வெயில்ல நிக்க வச்சிருக்காங்க, கூடுதலா காட்டியிருக்கு, யாரோ எறக்கியிருக்காங்க."

"யாரு எறக்குவா? ஆறின டயருல தப்பா வச்சிட்டு இப்போ பழிய வெயில் மேல போடுது" என்றார் பாஸ்.

செயற்குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் ஓட்டுனவரு. பந்தயத்துக்கு முன்ன யாராவது டயர தொட்டீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "சொல்லு தம்பி" என்றார். அவ்வளவு நம்பிக்கையோடு என்னை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பாஸ் எனக்குப் பின்னால் நின்றார். அடுத்த பருவத்திலும் அந்த வண்டி எனக்கு வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருடம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

"யாரும் தொடல" என்றேன்.

ஆபத்தான முறையில் டயர் தயாரித்தவர் என்று எழுதி, இனி எந்தப் பந்தயத்திலும் குழுக்களின் பகுதிக்குள் அக்கா நுழையக்கூடாது என்றார்கள். உள்ளே வர அனுமதிக்கும் காகிதப் பட்டை அவர் மணிக்கட்டில் இருந்தது. ஒருவர் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். அக்கா கையை நீட்டிக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்கா ஊசியையும் மானியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அந்தத் தடத்திலிருந்து லகாட்டுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். அடுத்த பருவம் எனக்கு வண்டி கிடைத்தது. அதற்கடுத்த பருவம் பாஸ் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஏழு வருடம் போயிற்று. போன வருடம் அந்தப் பசியாறும் கடையில் பாஸ் புதுப் பயல்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை நன்றாக வளர்ந்திருந்தது. அக்காவுக்கு எண் படிக்கவே தெரியாதாம். பந்தயத்தன்று கண்ணாடியை மறந்துவிட்டு வந்தாராம். கேட்பவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். அங்கே ஆறாக ஓடியது. நான் எழுந்து நின்றேன்.

"காத்த எறக்கினது நான். எறக்கச் சொன்னது நீங்க."

கடையே திரும்பியது. பாஸ் சிரித்தார். "அதெல்லாம் பழைய கதலா. உக்காரு, தே ஆறிப்போகுது."

நான் உட்காரவில்லை. நேரே லகாட் கடைக்குப் போனேன். அக்கா ஒரு பள்ளி வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன்கூட. அவர் நட்டுகளைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியாததயா சொன்ன? கமிட்டிக்கிட்ட போயி சொல்லு."

எழுதினேன். இரண்டு பக்கம், கையெழுத்துப் போட்டு, எந்தத் தண்டனையும் ஏற்கிறேன் என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. விவகாரம் மிகவும் பழையதாம். அன்றைய குழுவில் இருந்தவர்கள் இப்போது இல்லையாம். பதிவுகளும் இல்லையாம். ஆகவே மறுபடி விசாரிக்க இயலாதாம். சம்பந்தப்பட்டவர் விரும்பினால், புதிதாகச் சேருவோருக்கான டயர் அடிப்படைப் பயிற்சியில் கலந்துகொண்டு விண்ணப்பிக்கலாமாம்.

அடிப்படைப் பயிற்சி! யாருக்கு? அந்தக் கடிதத்தைக் கசக்கிக்கொண்டு, அந்தக் குழுவின் ஏழு தலைமுறையையும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு லகாட்டுக்கு வண்டியை விட்டேன். அக்கா கடிதத்தை நீட்டிப் பிடித்து மெதுவாகப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எவ்வளவு அநியாயம் பாருங்கக்கா! இவனுங்கள சும்மா விடக்கூடாது. மேல எழுதலாம், பத்திரிகைக்குப் போலாம், எத்தன மாசம் ஆனாலும்..."

"அநியாயம்தான்" என்றார் அக்கா. கழற்றி வைத்திருந்த சக்கரத்தைத் தூக்கி, அன்று வந்திருந்த ஒரு வேனில் மாட்டி, முதல் நட்டைக் கையால் திருகினார். "அன்னிக்கு இது ஒரு சொல்லு வேல தம்பி."

அடுத்த நட்டுக்குக் கையை நீட்டினார். தட்டு என் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.